மறுக்க முடிகிறவரே கூட்டாளி

மொராக்கோவின் வர்சசாத் நகரை ஒட்டிய பாலைச் சாலையில் ஒரு கார் பக்கவாட்டில் சாய்ந்து இரண்டே சக்கரங்களில் ஓடுகிறது. மேல்நோக்கித் தூக்கி நிற்கும் பக்கத்தில் ஒரு பெண் சாவகாசமாக உட்கார்ந்து நகத்தை அரத்தால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். 2012 பிப்ரவரியில் வெளிவந்த ‘பேட் கேர்ள்ஸ்’ காணொளியைப் பார்த்த எவருக்கும் அந்தக் காட்சி மறக்காது. உட்கார்ந்திருப்பவர் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்து, மறுபடி லண்டனுக்கே அகதியாகப் போய்ச் சேர்ந்தவர். காணொளியை இயக்கிய ரொமேன் கவ்ரஸ் பிரான்ஸ்காரர். கிரேக்கத்தில் பிறந்த இயக்குநர் கோஸ்டா கவ்ரஸின் மகன். பீட் கட்டிய டான்ஜா அமெரிக்கர். சாலையில் நடக்கும் கார் சாகசமோ சவூதி அரேபிய இளைஞர்கள் இரவு நேர நெடுஞ்சாலைகளில் உயிரைப் பணயம் வைத்து ஆடும் ஆட்டம். ஐந்து நாடுகளின் சரக்கு சுமார் நான்கு நிமிடங்களில் அடங்கியிருக்கிறது. அந்த ஆண்டு எம்.டி.வி. விருதுகளில் சிறந்த இயக்கம், சிறந்த ஒளிப்பதிவு இரண்டும் இதற்கே கிடைத்தன.

இப்படிப் பல நாட்டார் கூடிச் செய்யும் ஹிப் ஹாப் காணொளிகளைப் பற்றி இரண்டு விதமான பேச்சே மாறி மாறிக் கேட்கிறது. கலை எல்லைகளைக் கரைத்துவிட்டது என்று ஒரு சாரார் கொண்டாடுகிறார்கள். பிறர் பண்பாட்டைச் சுரண்டிவிட்டார்கள் என்று இன்னொரு சாரார் கோபப்படுகிறார்கள். இரு சாராருமே திரையில் தெரிவதை வைத்துத்தான் தீர்ப்பு எழுதுகிறார்கள். யார் எந்த உடையில் வருகிறார், எந்த ஊர் பின்னணியில் தெரிகிறது, யார் முகத்துக்கு எத்தனை நொடி கிடைத்தது என்பதே அவர்களுடைய கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு போதவில்லை. ஒரு காணொளி கூட்டுப் படைப்புதானா என்று அறிய, அதற்கு உழைப்போ உருவமோ ஊரோ கதையோ கொடுத்த ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘இது வேண்டாம்’ என்று சொல்ல அவருக்கு வழி இருந்ததா, சொல்லியிருந்தால் அந்தச் சொல் செல்லுபடியாகியிருக்குமா? மறுக்க முடிந்தவர் கூட்டாளி. மறுக்க வழியில்லாதவரை எவ்வளவு அழகாகக் காட்டியிருந்தாலும் அவர் அந்தக் காணொளிக்கு மூலப்பொருள்தான்.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம் ஹிப் ஹாப்பின் பிறப்பிலிருந்தே வருகிறது. இந்தக் கலையே கேட்காமல் எடுத்துக்கொண்டதில் பிறந்ததுதானே என்பார்கள். உண்மைதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் நடந்த விருந்தில் இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளை வைத்துப் பாட்டு போட்ட கூல் ஹெர்க், ஜமைக்காவிலிருந்து குடியேறியவர். கிங்ஸ்டன் தெருக்களின் ஒலிபெருக்கிப் பண்பாட்டை அவர் கொண்டுவந்தார். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஃபங்க் தட்டுகளில் தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டுகளை எடுத்து நீட்டினார். 1982இல் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் ‘பிளானட் ராக்’ ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் மெட்டின் மேல் எழுந்து நின்றது. நாடு கடந்த கொடுக்கல் வாங்கல் ஹிப் ஹாப்புக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதல்ல. அதன் கருவிலேயே இருந்தது. ஆனால் எடுத்தவர்கள் அன்று யார் என்பதையும் பார்க்க வேண்டும். வேலையும் இல்லாமல், எரிந்துபோன கட்டடங்களுக்கு நடுவே வாழ்ந்த பிராங்ஸ் இளைஞர்கள், கடையில் காசு கொடுத்து வாங்கிய தட்டை ஒரு கூடத்தில் சுழற்றினார்கள். பெரும் இசை நிறுவனம், வழக்கறிஞர் படை, உலகம் முழுக்கக் கொண்டுசேர்க்கும் விநியோக வலை ஆகியவற்றோடு அதே செயலைச் செய்யும்போது அது அதே செயலாக இருப்பதில்லை. பசித்தவன் தோப்பில் ஒரு மாங்காய் பறிப்பதும் குத்தகைதாரர் லாரி கொண்டுவருவதும் ஒன்றாகுமா?

லாரி வந்ததற்கு நல்ல உதாரணம் ஜே-ஸீயின் ‘பிக் பிம்பின்’. அதன் குழலிசை எகிப்திய இசையமைப்பாளர் பலீக் ஹம்தி 1957இல் ஒரு திரைப்படத்துக்காக அமைத்து, அப்தெல் ஹலீம் ஹஃபீஸ் பாடிய ‘கொஸாரா கொஸாரா’வின் மெட்டு. காணொளியை இயக்குநர் ஹைப் வில்லியம்ஸ் டிரினிடாட் கார்னிவல் கூட்டத்துக்கு நடுவிலும் உல்லாசப் படகிலும் எடுத்தார். எகிப்தின் மெட்டு, டிரினிடாடின் திருவிழா, நியூயார்க்கின் குரல் என்று பட்டியல் போட்டால் மிகச் சிறந்த சர்வதேசக் கூட்டுழைப்பு போலத் தோன்றும். பாடலைத் தயாரித்த டிம்பலண்ட், 2001இல் மெட்டுக்காக ஈ.எம்.ஐ. அரேபியா நிறுவனத்துக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். 2007இல் ஹம்தியின் சகோதரி மகன் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார். பணம் வாங்கியவருக்கு மெட்டைச் சிதைத்து மாற்ற அனுமதிக்கும் அதிகாரம் இல்லை, எகிப்தியச் சட்டப்படி படைப்பாளியின் தார்மிக உரிமை விற்றாலும் கைவிட்டுப் போகாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். 2015இல் வழக்கு தள்ளுபடியானது. 2018இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. பொருளாதார உரிமையை விற்றுவிட்டவருக்கு அமெரிக்க மண்ணில் வழக்காடும் தகுதி இல்லை என்றது நீதிமன்றம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. எகிப்தில் ஒரு கலைஞனுக்கு இருந்த மறுக்கும் உரிமை, பாடல் கடலைத் தாண்டியதும் ஆவியாகிப்போனது. எந்த நாட்டுச் சட்டம் பேசும் என்பதைச் சந்தையின் பலமே தீர்மானித்தது.

மெட்டுக்கு நேர்ந்தது உருவத்துக்கும் நேரும். 2018இல் ‘பிளாக் பேந்தர்’ படத்துக்காகக் கென்ட்ரிக் லமாரும் ஸிஸாவும் பாடிய ‘ஆல் தி ஸ்டார்ஸ்’ காணொளியின் ஒரு பகுதியில் கறுப்புப் பின்னணியில் தங்க வடிவங்கள் மின்னும். அவை தன்னுடைய ஓவியத் தொடரின் நகல் என்று லைபீரிய வேர்கள் கொண்ட பிரிட்டிஷ் ஓவியர் லீனா ஐரிஸ் விக்டர் வழக்குத் தொடுத்தார். படத்துக்காகத் தன் ஓவியங்களைக் கேட்டுப் படக்குழுவினர் முன்பே அணுகியதாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் அவர் சொன்னார். அந்த ஆண்டின் இறுதியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆப்பிரிக்கப் பெருமிதத்தைக் கொண்டாட எடுத்த காணொளி அது. எடுத்தவர்களின் நோக்கத்தைச் சந்தேகிக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் நல்ல நோக்கம் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு மாற்றாகாது. அவருக்கு நியூயார்க்கில் வழக்கறிஞர் கிடைத்ததால் நமக்கு இந்தச் செய்தி தெரிகிறது.

உரிமை எங்கே நழுவுகிறது என்று தெரிய, காணொளி தயாராகும் விதத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் படமெடுப்பது என்பதைக் கற்பனையைவிடக் கடவுச்சீட்டு அதிகம் தீர்மானிக்கிறது. 2006இல் அமெரிக்க விசா சிக்கலால் எம்.ஐ.ஏ. தன் இரண்டாம் ஆல்பமான ‘கலா’வை இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று அலைந்து பதிவு செய்ய வேண்டியதாயிற்று. சென்னையில் உறுமி மேளக்காரர்களோடு அவர் பதிவுசெய்த தாளம் அந்த ஆல்பத்தின் முதுகெலும்பு. தடை அங்கே வரமாக மாறியது. ஆனால் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்ததால்தான் அத்தனை ஊர்களுக்கும் அவரால் போக முடிந்தது. உறுமிக்காரர் அதே வேகத்தில் லண்டன் போய் மிக்ஸிங் அறையில் உட்கார முடியாது. இதனால் நாடு கடந்த காணொளிகளில் ஒரு வழக்கம் படிந்துவிட்டது. எளிதில் விசா கிடைக்காதவரின் ஊரில் படப்பிடிப்பு. எல்லா நாட்டுக்கும் போகக்கூடியவரின் ஊரில் படத்தொகுப்பு.

ஊர்க்காரர்களுக்குப் படப்பிடிப்பு நாளில் பல நேரம் பாட்டே முழுதாகக் காதில் விழுவதில்லை. உதடு ஒத்துப்போகிற மெதுவோட்டக் காட்சிக்கு ஓர் எளிய உத்தி உண்டு. கேமராவை நொடிக்கு 48 சட்டகத்தில் ஓடவிட்டு, பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிடுவார்கள். பிறகு 24இல் ஓட்டினால் உடல் மிதக்கும், உதடு மட்டும் பாட்டோடு சேரும். அன்று ஆடுகிறவர் கேட்பது குருவிக் குரலில் கீச்சிடும் ஓர் ஓட்டம். தன் ஆட்டம் எந்தச் சொல்லுக்கு மேல் போய் உட்காரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. அது தெரிகிற இடம் படத்தொகுப்பு மேசை.

அங்கேதான் மொழியும் குறுக்கே வருகிறது. ஆங்கில ராப்பில் ஒலியியைபு பெரும்பாலும் தாளவட்டத்தின் கடைசியில் விழும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எடிட்டரின் கை அங்கேதான் வெட்டும். தமிழில் இயைபும் உண்டு, ஆனால் நம் காது எதுகைக்குப் பழகியது. அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் வந்து விழும் ஒலி அது. தமிழ் ராப் பாடுகிறவர் அடியின் தலையில் வைத்த எதுகையைத் தமிழ் தெரியாத எடிட்டர் கவனிக்கவே மாட்டார். சொல் வெடிக்கும் நொடியில் திரையில் வானமோ மாட்டுவண்டியோ ஓடிக்கொண்டிருக்கும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. பாடியவர் எடிட்டரின் பக்கத்து நாற்காலியில் இல்லை, அவ்வளவுதான். கூட்டுழைப்பு என்று நான் சொல்வது பெரும்பாலும் அந்த நாற்காலியைப் பற்றியே.

பெயரும் புகழும் கிடைக்கிறதே, அது போதாதா என்ற ஆட்சேபம் வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2017இல் ராப் பாடகர் ஃபிரெஞ்ச் மொன்டானா ‘அன்ஃபர்கெட்டபிள்’ காணொளியை உகாண்டாவின் கம்பாலாவில் எடுத்தார். அவரே மொராக்கோவில் பிறந்து பதின்மூன்று வயதில் பிராங்ஸ் வந்தவர். திரையை நிறைப்பவர்கள் கெட்டோ கிட்ஸ் என்ற கம்பாலாச் சிறுவர் நடனக் குழுவினர். 2014இலேயே பாடகர் எடி கென்ஸோவின் பாட்டுக்கு ஆடி அவர்கள் இணையத்தில் புகழ்பெற்றிருந்தார்கள். வறுமையின் பொதுமுகமாகச் சந்தில் கண்டெடுக்கப்பட்டவர்கள் அல்லர், பெயர் உள்ள கலைஞர்களாகத்தான் வந்தார்கள். அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் பி.இ.டி. விருது மேடைக்கும் அழைத்துச் செல்லப்பட்டார்கள். மொன்டானா அங்குள்ள ஒரு மருத்துவ நிலையத்துக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். இதைச் சுரண்டல் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் நன்கொடை வேறு, பங்கு வேறு. நன்கொடையின் அளவையும் நேரத்தையும் கொடுப்பவர் முடிவு செய்கிறார். பங்கை ஒப்பந்தம் முடிவு செய்கிறது. புகழ் நல்லதுதான் என்ற வாதம் உண்மையில் எதை ஒப்புக்கொள்கிறது? ஆடியவர்களுக்குக் கிடைப்பது எடுத்தவரின் மனதைப் பொறுத்தது என்பதை. இங்கே எடுத்தவர் நல்லவராக வாய்த்தார். வாய்க்காத இடங்களுக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பணம் கொடுப்பவர் இசை நிறுவனமாக இல்லாமல் உதவி நிறுவனமாக இருக்கும்போது சிக்கல் நுட்பமாகிறது. லித் நகரத்துப் பாலஸ்தீன ராப் குழுவான டாம், 2012இல் ‘காலத்தில் பின்னோக்கிப் போக முடிந்தால்’ என்ற பொருளுடைய பாடலை வெளியிட்டது. குடும்ப மானத்தின் பெயரால் கொல்லப்படும் பெண்ணின் கதை. காட்சிகள் கொலையிலிருந்து பின்னோக்கி ஓடும். இணைந்து இயக்கியவர் அமெரிக்காவில் வளர்ந்த ஜாக்கி ரீம் சலூம், பணம் ஐ.நா. பெண்கள் அமைப்பினுடையது. மானிடவியலாளர் லைலா அபு-லுகோத்தும் மாயா மிக்தாஷியும் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். ஆக்கிரமிப்பு, காவல்துறை, நீதிமன்றம் எதுவுமே இல்லாத வெற்றிடத்தில் நடப்பதுபோல இந்தக் கொலை காட்டப்படுகிறது, மேற்கு நாடுகள் கேட்க விரும்பும் கதையாக அது சுருங்கிவிட்டது என்பது அவர்கள் சொன்னதன் சாரம். ஆக்கிரமிப்பைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பாடிவந்த எங்களுக்கு எங்கள் தெருவில் நடக்கும் கொலையைப் பாடவும் உரிமை உண்டு என்ற பொருளில் டாம் பதில் சொன்னது. நான் டாமின் பக்கம் சாய்கிறேன். அவர்கள் ஊர், அவர்கள் மொழி, அவர்கள் எழுதிய வரி. வேண்டாம் என்று சொல்லும் பலம் அவர்களிடம் இருந்தது. ஆனால் விமர்சகர்கள் தொட்ட இடமும் பொய்யில்லை. எந்தக் கதைக்குப் பணம் வரும், எதற்கு வராது என்பது தெரிந்த ஊரில், மறுப்பு வாயில் வருமுன்பே மனதில் அடங்கிவிடும். யாரும் தடுக்காமலே சில பாடல்களுக்குக் காணொளி கிடைக்காமல் போகும்.

இதற்கு நேர்மாறாக ஒரு நிகழ்வும் உண்டு. இந்தக் கேள்வி முழுவதிலும் என்னை அதிகம் அசைத்தது அதுதான். ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் பிறந்து டெஹ்ரானில் அகதியாக வாழ்ந்த சொனிதா அலிசாதேவை, அண்ணன் திருமணத்துக்குப் பணம் தேவைப்பட்டதால் விற்றுக் கட்டிக்கொடுக்கக் குடும்பம் முடிவு செய்தது. ஈரானிய ஆவணப்பட இயக்குநர் ரொக்சாரே கயெம்மகாமி, தாய்க்கு 2,000 டாலர் கொடுத்து ஆறு மாத அவகாசம் வாங்கினார். அந்த அவகாசத்தில் உருவானது 2014இன் ‘விற்பனைக்குப் பெண்கள்’ காணொளி. வெள்ளைத் திருமண உடை, கன்றிப்போன முகம், நெற்றியில் கடைப் பொருளுக்கு ஒட்டுவதுபோன்ற பார்கோடு. பெண் பொதுவில் தனியாகப் பாடுவதே தடைசெய்யப்பட்ட நாட்டில் எடுத்தது. அதைப் பார்த்த அமெரிக்க அமைப்பொன்றின் உதவியால் அவர் யூட்டா மாநிலத்தில் படிக்கப் போனார். ஆவணப்பட இயக்குநர் தான் படமெடுப்பவரின் வாழ்க்கையில் பணம் போட்டுத் தலையிடலாமா என்ற விவாதம் அந்தப் படத்துக்குள்ளேயே நடக்கிறது. தலையிட்டது சரி என்பேன். இங்கே மறுக்கும் உரிமை கூட்டுழைப்புக்கு முன்பு இல்லை. கூட்டுழைப்புதான் அதை வாங்கிக் கொடுத்தது. பதினாறு பதினேழு வயதுப் பெண் முதன்முதலாக ‘வேண்டாம்’ என்று சொல்லி அது நிலைத்ததற்கு ஒரு பாட்டு காரணமாயிற்று.

‘பேட் கேர்ள்ஸ்’க்குத் திரும்பலாம். சவூதியில் பெண்கள் கார் ஓட்டத் தடை அன்று அமலில் இருந்தது. 2018 ஜூனில்தான் நீங்கியது. அப்படியொரு தடையே இல்லாத மொராக்கோவில் எடுத்து, பார்ப்பவர் மனதில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். படைப்பாக அது அற்புதம், எம்.ஐ.ஏ.வுக்கும் கவ்ரஸுக்கும் இடையே நிகழ்ந்தது சரிக்குச் சரியான கூட்டு. ஆனால் அந்தச் சாகசத்தைக் கண்டுபிடித்த சவூதி இளைஞர்களும், ஓட்ட முடியாமல் இருந்த சவூதிப் பெண்களும் அதில் கூட்டாளிகள் அல்லர். சிறந்த காணொளியா என்பதும் யாருடைய கூட்டு என்பதும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்குச் சொன்ன விடையை மற்றதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நம் விமர்சனத்தில் நடக்கும் பெரிய குழப்பம்.

எல்லாருக்கும் மறுக்கும் உரிமை கொடுத்தால் படமே எடுக்க முடியாது, பத்துப் பேர் கை வைத்த சோறு குழைந்துதான் போகும் என்று இயக்குநர்கள் சொல்லக்கூடும். ஆனால் இன்றும் எத்தனையோ பேர் மறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இசை நிறுவனம் மறுக்கும், காப்பீட்டுக்காரர் மறுப்பார், விளம்பரதாரர் மறுப்பார், நட்சத்திரத்தின் மேலாளர் மறுப்பார். 2015 நவம்பரில் எம்.ஐ.ஏ. தானே இயக்கி வெளியிட்ட ‘பார்டர்ஸ்’ காணொளியில் படகுகளிலும் முள்வேலிகளிலும் நூற்றுக்கணக்கான ஆண்கள் அகதிகளாகத் தோன்றினார்கள். எதிர்ப்புக் கடிதம் வந்தது பாரிஸ் செயின்ட் ஜெர்மேன் கால்பந்து அணியிடமிருந்து. தங்கள் சட்டையின் எழுத்தை மாற்றி அவர் அணிந்துவிட்டாராம். ஒரு சட்டைக்குக்கூட மறுக்கும் குரல் இருக்கிறது. வேலியில் ஏறி நின்றவர்களுக்கும் அப்படியொரு முகவரி இருந்தால் என்ன குழைந்துவிடும்?

நம் மொழியிலேயே நடந்தது இந்த உரிமையின் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யை ராப் பாடகர் அறிவும் பாடகி தீயும் பாடினார்கள்; சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, அமித் கிருஷ்ணன் இயக்கம், வெளியிட்டது கனடாவில் வேர்கொண்டு ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு தொடங்கிய மாஜா இசை நிறுவனம். பாட்டின் கருவும் கடல் கடந்தது. 1964இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று, அவர்களைக் கேட்காமலே, கணக்குப் போட்டது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்தவர்களில் அறிவின் பாட்டி வள்ளியம்மாளும் ஒருவர். ஆக, மறுக்க வழியில்லாமல் இடம்பெயர்க்கப்பட்ட மக்களின் பேரன் எழுதிய பாட்டு இது. ஆக்கத்தின்போது அறிவு நடுவில் இருந்தார். சொல் அவருடையது, முகம் திரையில் இருந்தது. நான் இதுவரை கேட்ட கேள்விக்கெல்லாம் நல்ல விடையே கிடைத்திருக்கும்.

சிக்கல் வெளியீட்டுக்குப் பிறகு வந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்த டொரொன்டோ ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கண்டித்தார். பிறகு அறிவுக்கெனத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடக்குழி மாரியம்மாளும் பாட, அறிவு மேடையில் இல்லை. எழுதியதும் மெட்டமைத்ததும் தானே என்று அவர் அறிக்கை விட்டார். மெட்டும் தயாரிப்பும் கூட்டாக உருவானவை, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன், மூன்று ஆண்டுகளாகியும் தங்களுக்குப் பாடலிலிருந்து வருமானம் எதுவும் வரவில்லை என்று பொதுவில் கூறினார். இதில் யார் சொல்வது எவ்வளவு சரி என்று நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. இத்தனை பேரும் நல்லெண்ணத்தோடு கூடிய இடத்தில்கூட அட்டைப்படம், மேடை, கணக்குப் புத்தகம் ஆகிய மூன்றுக்கும் யார் ‘வேண்டாம்’ சொல்லலாம் என்று முன்கூட்டியே எல்லாருக்கும் தெளிவாக இருந்ததாகத் தெரியவில்லை என்பதே என் கவலை. காணொளி எடுத்து முடிப்பது மூன்று நான்கு நாள் வேலை. அதன் மறுவாழ்வு ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அந்த மூன்று நாளைப் பற்றியே பேசுகின்றன.

அறிவு ஒரு காப்பைத் தன் கையாலேயே செய்து வைத்திருந்தார். பாட்டுக்குள்ளேயே தான் யாருடைய பேரன் என்று சொல்லிவிடுகிறார். ராப் பாடுகிறவர் தன் பெயரையும் தெருவையும் வரியில் பதிப்பது பிராங்ஸ் காலத்துப் பழக்கம்; சம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தன் பெயரை வைத்ததும், கீர்த்தனைக்காரர்கள் முத்திரை வைத்ததும் நமக்குத் தெரிந்ததே. பாட்டு எந்த வாயில் போனாலும் பெயர் கூடவே போகும் என்ற ஏற்பாடு அது. ஓலைக் காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்று குரல் தனித்தடம், தாளம் தனித்தடம், ஒவ்வொரு வரியும் தனியே பிரித்தெடுக்கத்தக்க கோப்பு. ரீமிக்ஸ் செய்பவர் எந்த வரியை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் எழுதியிராவிட்டால், முத்திரை இருக்கும் வரியும் ஒரு சொடுக்கில் போய்விடும்.